இடது கால்

ஜெசிந்தாவின் பெடல் ஸ்டீல் கிட்டார் அவளைவிட இருபது வயது மூத்தது. மேசைபோல நான்கு காலில் நிற்கும். அடியில் இருக்கும் பெடலை இடது காலால் அழுத்தினால், மீட்டிய சுரம் அறுபடாமல் மேலே வழுக்கிப் போகும்; காலை எடுத்தால் இறங்கிவிடும். ஞாயிறுதோறும் சர்ச்சில் வாசித்து வாசித்து, பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதுகூட அந்தக் கால் தானாக அழுத்தும்.

அன்று மதியம் மகளை ரயிலேற்றிவிட்டுக் கணவர் கிளமெண்டுடன் பிளாட்பாரத்தில் நின்றாள். இனி வீட்டுக்கு வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டுத்தான் மகள் ஏறியிருந்தாள். வளைவில் ரயில் நீளமாக ஹாரன் அடித்தது. தூரம் போகப் போக அந்தச் சத்தம் இறங்கியது. ஜெசிந்தாவின் கால் பழக்கத்தில் தரையை அழுத்தியது. இறங்கிக்கொண்டிருந்த சத்தம் நின்று, மெல்ல மேலே ஏறியது, ரயில் இந்தப் பக்கமாக வருவதுபோல. டீ விற்றுக்கொண்டிருந்தவர் தண்டவாளத்தை எட்டிப் பார்த்தார்.

"வண்டி போயிடுச்சு ஜெசி. காலை எடு," என்றார் கிளமெண்ட்.

"எடுத்தா போயிடும்."

கொஞ்ச நேரத்தில் அவள் முழங்கால் நடுங்கத் தொடங்கியது. கிளமெண்ட் பக்கத்தில் நகர்ந்து வந்து, தன் செருப்புக் காலை அவள் கால்மேல் வைத்து அழுத்தினார்.