ஆட்டம் நின்ற நேரம்

துவைத்த துணி மடியில் மலையாகக் கிடந்தது. ஒரு கையால் அதை மடித்துக்கொண்டே, இன்னொரு கையை ஒரு துண்டுக்கு அடியில் விட்டு எதையோ தட்டிக்கொண்டிருந்தாள் அவள்.

நாத்தனார் செருப்பைக் கழற்றும்போதே பார்த்துவிட்டாள். வந்த வேகத்தில் துண்டை இழுத்தாள். உள்ளே, பிள்ளைகள் கார்டு ஆட்டம் ஆடுகிற கேம் பெட்டி.

"நல்லா இருக்கும்மா. மக அங்க காய்ச்சலோட கிடக்கிறா, நீ இங்க ஆட்டம் போட்டுக்கிட்டு இருக்கே."

"தொத்துக் காய்ச்சல் அண்ணி. தம்பி பால் குடிக்கிற பிள்ளை. டாக்டர் என்னை உள்ள போகக் கூடாதுன்னுட்டார்."

"போகக் கூடாதுன்னார், சரி. ஆடச் சொன்னாரா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம்.

நாத்தனார் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு அறைக்குள் போனாள். அங்கேயும் அதே கூத்து. போர்வைக்குள் இன்னொரு பெட்டி.

யாரோடு ஆடுகிறாய் என்று கேட்டால், கீழ் வீட்டுத் தோழியோடாம். வயரே வேண்டாமாம், சுவரைத் தாண்டியும் வருமாம். ஆடலாம், கார்டும் மாற்றிக்கொள்ளலாம். மட்டமான கார்டை நீட்டினால்கூட அந்தத் தோழி பதிலுக்கு ராஜா கார்டையே தூக்கிக் கொடுத்துவிடுகிறாளாம்.

ஊரான் வீட்டுப் பிள்ளைக்கு இருக்கிற கரிசனம் பெற்றவளுக்கு இல்லையே என்று நாத்தனாருக்கு வயிறு எரிந்தது.

அப்போது வெளியே கைக்குழந்தை வீறிட்டது.

பிள்ளை பெட்டியை நெஞ்சின்மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, பொறுமையாக விட்டத்தைப் பார்த்துப் படுத்துக்கொண்டது.

"என்னடி, ஆட்டம் நின்னு போச்சா?"

"தம்பி அழுறான்ல அத்தை. பால் குடுத்துட்டு வரட்டும்."

நாத்தனாருக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் அழுகை வந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"கீழ் வீட்டுக்காரி ஊருக்குப் போய் நாலு நாளாச்சு. அவ பெட்டியைத்தான் அம்மா வாங்கி வச்சிருக்காங்க." பிள்ளை குரலைத் தாழ்த்தியது. "எனக்குத் தெரியும்னு சொல்லிடாதீங்க. அம்மாவுக்குப் படிக்க அவ்வளவா வராது, படத்தைப் பார்த்துத்தான் ஆடுறாங்க. சொன்னா வெட்கப்பட்டு நிறுத்திடுவாங்க."

நாத்தனார் வெளியே வந்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். துணிக் குவியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் குழந்தைக்குப் பால் கொடுத்தபடி, இன்னும் என்ன திட்டு பாக்கியோ என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் நான் மடிச்சுடறேன். அவன் தூங்கினதும் நீ பேசாம அந்த ஆட்டத்தை..."

"அத்தை" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

நாத்தனார் சொல்லவந்ததை விழுங்கிக்கொண்டு எழுந்தாள். போகிற போக்கில், தான் இழுத்துப் போட்ட துண்டை எடுத்து அந்தப் பெட்டியை மூடிவிட்டுப் போனாள்.