செருப்பில் ஒரு தடயம்

“மாமனாரைத் தள்ளிவிட்டது நீயா, உன் புருஷனா?”

குரோம்பேட்டையில் அந்த வீட்டு ஹாலில் காலைப் பரப்பி உட்கார்ந்துகொண்டு கேட்டார் இன்ஸ்பெக்டர் மோகன்ராஜ்.

“சத்தியமா நாங்க இல்ல சார்,” என்றாள் காந்திமதி. “நேத்து வெளிய போனவரு பின்மண்டைல வீக்கத்தோட வந்தாரு. கேட்டதுக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டுப் படுத்தாரு. காலைல எழுந்திருக்கல.”

“எல்லா மருமகளும் இதைத்தாம்மா சொல்றீங்க.”

எழுந்து வாசலுக்குப் போய்ப் பெரியவரின் செருப்பைத் திருப்பிப் பார்த்தார். அடியில் பூசணி விதையும் குங்குமமும் அப்பியிருந்தன. இன்ஸ்பெக்டரின் முகம் மலர்ந்தது.

“பாத்தியாய்யா ஏட்டு? நேத்து ஆயுத பூஜை. எவனோ அறிவுகெட்டவன் வண்டிக்குத் திருஷ்டி கழிக்கிறேன்னு ரோட்ல பூசணிக்காயை உடைச்சிருக்கான். பெரியவர் அதுல வழுக்கி விழுந்திருக்காரு. உடைச்சவனை இன்னிக்கே தூக்கி உள்ள வைக்கறேன். ஏம்மா, நேத்து எங்க போனாரு?”

“உங்க ஸ்டேஷனுக்குத்தான் சார். ரோட்ல பூசணிக்காய் உடைக்கறவங்க மேல கம்ப்ளெயின்ட் குடுக்க.”

ஏட்டு லோகநாதன் தொண்டையைச் செருமினார். “சார்... ஸ்டேஷன் வாசல்ல நம்ம ஜீப்புக்குச் சுத்தி உடைச்சது நீங்கதான்.”

இன்ஸ்பெக்டர் செருப்பை மெதுவாகக் கீழே வைத்தார். விரலில் ஒட்டிய குங்குமத்தைக் கைக்குட்டையில் துடைத்தார்.

“பெரியவருக்கு பிரஷர் உண்டாம்மா?”

“இல்லியே சார்.”

“இருந்திருக்கும். உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. யோவ் ஏட்டு, தலைசுத்தி விழுந்துட்டார்னு எழுதிக்க.”