தண்ணீர் சாயும் பக்கம்

"இந்த மழைக்கும் தண்ணி அவங்க வீட்லதாங்க நிக்குது. நம்ம பக்கம் ஒரு சொட்டுகூட வரல, பாருங்க."

மதில் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அக்கா தன் கணவரிடம் சொன்னது, கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த மருமகளின் காதில் தெளிவாக விழுந்தது.

"கேட்டீங்களா அத்தை? நம்ம வீட்ல குளம் கட்டினா அவங்களுக்குக் கொண்டாட்டம்."

"கேக்காம என்ன? ஆபரேஷன் இடுப்புக்குத்தானே பண்ணாங்க, காதுக்கு இல்லையே" என்றாள் அத்தை.

ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம். வாக்கரைப் பிடித்துக்கொண்டு தினமும் அரை மணி நேரம் நடக்க வேண்டும், இல்லையென்றால் கால் இப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஹாலில் சோபாவுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே எட்டு அடி வைத்தால் பெரிது. பின்முற்றத்தில் நடக்கலாமென்றால் மழைக்காலம் முழுக்கச் சேறு. போன வாரம் வாக்கர் வழுக்கிவிட்டது. மருமகள் பாய்ந்து பிடித்ததால் அத்தை தப்பித்தாள்.

"செயற்கைப் புல் போட்டுடலாம், ஆள் அனுப்பறேன்" என்று ஆபீசிலிருந்தே முடிவு கட்டிவிட்டான் மகன்.

புல்லுக்காரர் வந்தார். முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார். வண்டியிலிருந்து சுருளை இறக்கவே இல்லை.

"ஏங்க, விரிக்கலையா?" என்றாள் மருமகள்.

"இது பாய் மாதிரிம்மா. பாய்க்கு அடியில தண்ணி நின்னா பாயும் சேர்ந்து நாறும். புல்லு தண்ணியை மறைக்கும், வெளியேத்தாது. மண்ணை வாட்டமா வெட்டி, ஜல்லி கொட்டி, அதுமேலதான் இதை விரிக்கணும். அது கிடக்கட்டும், வடியற தண்ணி எங்க போகும்?"

"தெருவுக்கு?"

"ரோடு மேல ரோடு போட்டு, தெரு உங்க வாசப்படியைவிட உசரத்துல இருக்கும்மா."

டேப்பை மதிலின் இரண்டு பக்கமும் தொங்கவிட்டு அளந்தார்.

"அந்த வீடு முக்கால் அடி பள்ளம். வாட்டம் அவங்க பக்கம்தான். பின்னாடி சாக்கடையும் அங்கதான் இருக்கு."

"அதெப்படி? அவங்க தண்ணிதானே இங்க வருது!"

"பள்ளத்துலேர்ந்து மேட்டுக்கு ஏற, தண்ணிக்கு மாடிப்படி கட்டி வெச்சிருக்காங்களா என்ன?"

அத்தை சிரித்துவிட்டாள். மருமகள் சிரிக்கவில்லை.

"அவங்க வழி விட்டாத்தான் இந்த வேலை நடக்கும். போய் ஒரு வார்த்தை கேளுங்க."

ஒரு வார்த்தையா? பேச்சு நின்று இரண்டு வருடம். போன மழைக்காலத்தில் அந்த அக்கா ஏதோ சொல்ல வந்தபோதுகூட, "அடுப்புல வேலை இருக்கு" என்று மருமகள் வாசலோடு அனுப்பிவிட்டாள்.

புல்லுக்காரர் அதற்குள் மண்வெட்டியோடு மூலைக்குப் போய்ச் சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"அம்மா! வழி ஏற்கெனவே இருக்கு. சுவருக்கு அடியில அவங்க பக்கமா குழாய் போகுது. யாரோ சிமென்ட் வெச்சு அடைச்சிருக்காங்க. யாரு பார்த்த வேலை இது?"

நாற்காலியில் இருந்த அத்தை மருமகளைப் பார்த்தாள். மருமகள் சுவரைப் பார்த்தாள்.

"அவங்களைத்தான் கேக்கணும்."

"அடிப்பாவி!" அத்தையின் குரல் தெருவரைக்கும் போனது. "அடைச்சதும் இல்லாம, தண்ணி நிக்குதுன்னு வேடிக்கை வேற பார்க்கிறாளா? நான் மட்டும் விழுந்திருந்தா?"

மதிலுக்கு மேல் பக்கத்து வீட்டு அக்காவின் தலை தெரிந்தது. அவள் அத்தையைப் பார்த்தாள். பிறகு மருமகளைப் பார்த்தாள். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தாள்.

"ஆமாங்கம்மா, நாங்கதான் அடைச்சோம். தெரியாம செஞ்சது. அண்ணே, உடைச்சு விட்டுடுங்க. தண்ணி எங்க வழியாவே போகட்டும்."

தலை மறைந்தது.

புல்லுக்காரர் உளியை வைத்து நாலு போடு போட்டார். அடைப்பு ஒரே கட்டியாகக் கையோடு வந்தது.

"கொத்தனார் வேலை இல்ல இது. கையால அமுக்கியிருக்காங்க. நெளி வளையல் தடம்கூட அப்படியே பதிஞ்சிருக்கு" என்று அதை இடிபாட்டுக் கூடையில் போட்டார். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். கடகடவென்று இறங்கிப் போய்விட்டது.

"அட! இத்தனை நாள் அடைஞ்ச குழாய்ல மண்ணும் இலையும் இறுகியிருக்கணுமே. அந்தப் பக்கத்துலேர்ந்து யாரோ விடாம சுத்தம் பண்ணிட்டே இருந்திருக்காங்க."

மூன்று நாளில் முற்றம் பச்சையானது. நாலாம் நாள் ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்த மழை, பத்தே நிமிடத்தில் வடிந்தது. அத்தை புல்மேல் வாக்கரை ஊன்றி ஒரு சுற்று வந்தாள். இன்னொரு சுற்றும் வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்ததும் மூச்சு வாங்கியது. அதோடு கோபமும் வந்தது.

"இன்னும் பத்து நாள்ல வாக்கரை விட்டுடுவேன். முதல் வேலையா அவ வீட்டு வாசல்ல போய், நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேக்கறேனா இல்லையா பாரு!"

மருமகள் இன்னும் அள்ளாமல் கிடந்த கூடையிலிருந்து அந்தச் சிமென்ட் கட்டியை எடுத்தாள். குழாயடியில் மண் போகக் கழுவினாள். தன் வலது கை நெளி வளையலைக் கழற்றித் தடத்தின் மேல் வைத்தாள். அச்சாகப் பொருந்தியது.

"தண்ணி அந்த மூலையிலதான் வந்து கூடுச்சு அத்தை. ஓட்டை வழியா அவங்க வீட்லேர்ந்து வருதுன்னு நெனச்சுட்டேன்."

கட்டியையும் வளையலையும் அத்தையின் மடியில் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு அழைப்புமணியை அழுத்தப் போனாள்.