விரல் பொருந்தவில்லை

2008-இல், ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகும் வழியில் எலியாஸ் விபத்தில் இறந்துபோனார். அவருடைய லேப்டாப் மட்டும் ஒரு கீறல்கூட இல்லாமல் வேலூர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

அன்றிலிருந்து அது சரியாகத் தூங்கவில்லை. மனைவி பிரிஸ்கில்லா நர்ஸ். காலையில் லேப்டாப்பை மூடி வைத்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு டியூட்டிக்குப் போவாள். திரும்பி வந்தால் மூடி திறந்திருக்கும், திரை எரிந்துகொண்டிருக்கும்.

ரிப்பேர் கடை கோவிந்தராஜ் அதை ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்தார். அங்கே அது தானாக எழவே இல்லை.

"வீட்ல வேற யாரு சிஸ்டர் இருக்காங்க?"

"நான் மட்டும்தான்."

"இது கைரேகை வெச்சாதான் தொறக்கும். ஒரே ஒரு ரேகைதான் பதிஞ்சிருக்கு. சாரோடது."

பிரிஸ்கில்லா ரேகை வைக்கும் இடத்தைக் குனிந்து பார்த்தாள்.

"அதை அழிச்சிட்டு உங்க விரலைப் பதிஞ்சிடலாமா? பேஜார் இருக்காது."

கொஞ்சம் தயங்கிவிட்டு விரலை நீட்டினாள்.

அதன்பிறகு லேப்டாப் ஒழுங்காகத் தூங்கியது. அவளுக்கு நிம்மதியாக இருந்தது. வீடு மட்டும் முன்பைவிடப் பெரிதாகிவிட்டது போலிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து கதவைத் திறந்தாள். லேப்டாப்பின் மூடி திறந்திருந்தது. விரல் பொருந்தவில்லை, மீண்டும் முயலவும் என்று திரையில் ஆங்கிலத்தில் வந்தது. மறைந்தது. மறுபடியும் வந்தது.

மேஜையருகே யாரும் இல்லை. அவள் பையைக் கீழே வைத்தாள். நாற்காலியில் உட்காராமல், அதன் பக்கத்தில் நின்று கையை நீட்டினாள்.

"இருங்க, நான் தொறக்கிறேன்."