நாலு மணி இணைப்பு

சரியாக நாலு மணிக்கு மனைவியின் பெயர் திரையில் வந்தது. பக்கத்தில் பச்சையில் ஒரே ஒரு சொல்: ‘இணைந்தார்’. ஆறிப்போன தேநீரை வைத்துக்கொண்டு அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முன்னறையில் தையல் மெஷின் நின்றது. மச்சினி குரல் கொடுத்தாள்.

“மாமா, நம்ம வெப்சைட் மறுபடி படுத்துடுச்சு! அளவு அனுப்ப முடியலன்னு மூணு பேர் திட்டிட்டாங்க.”

அக்காவும் தங்கையுமாகத் தொடங்கிய தையல் கடை அது. அதன் இணையப் பக்கம், வீட்டு அலமாரியிலிருந்த பழைய கம்ப்யூட்டரில்தான் ஓடியது.

மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, அங்கே வைஃபையில் சாதாரண இணையப் பக்கங்கள் மட்டுமே திறந்தன. வீடியோவில் பேச வழியில்லை. நெட்வொர்க் வேலை பார்க்கும் அவன், கடைப் பக்கம் இருந்த அதே போர்ட்டில், அதாவது அதே இணைய வாசலில், தடையைத் தாண்டும் விபிஎன் என்ற மறைவழி ஒன்றையும் சேர்த்து வைத்தான். ஊருக்கு அது தையல் கடை. அவளுக்கு மட்டும் வெளியே பேச ஒரு வழி; அவள் பாஸ்வேர்டு போட்டு நுழைந்தால் அவன் திரையில் பெயர் வரும்.

“ஒரே வாசல்ல ரெண்டும் முட்டிக்குது மாமா. அந்த விபிஎன்னை நிறுத்திடுங்களேன்.”

“அவ பேரு வருதுல்ல?”

மச்சினி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

“ரெண்டு மாசமா ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல. பேரைப் பாத்துட்டே உக்காந்திருந்தா ஆச்சா? ஒரு நடை போய்ட்டு வாங்க.”

அவனுக்குக் கோபம் வரவில்லை. எதுவுமே வரவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

மூன்றாவது மாடி. கால்களே வழி கண்டுபிடித்தன. ஜன்னலோரக் கட்டிலில் விரிப்பு கலையாமல் கிடந்தது.

அடுத்த கட்டிலில் ஒருத்தி சாய்ந்து உட்கார்ந்து போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். போனுக்குள் ஒரு சிறுமி, பல் விழுந்த ஓட்டையைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

அவனைப் பார்த்ததும் கட்டிலில் இருந்தவளின் முகம் வெளுத்தது.

“அக்கா லைனை நிறுத்த வந்தீங்களாண்ணா? இது இல்லைன்னா எம்பொண்ணு முகத்தைப் பாக்கவே முடியாது.”

அவன் போனுக்குள் அந்தப் பல் ஓட்டையைப் பார்த்தான்.

“பேசுங்க. கடைக்கு நான் வேற லைன் போட்டுக்கறேன்.”

வாசல்வரை போனவன் திரும்பினான்.

“அவ பாஸ்வேர்டு உங்களுக்கு எப்படி…?”

“கண்ணை மூடறதுக்கு முந்தின நாள், அக்காவே என் போன்ல போட்டுக் குடுத்தாங்கண்ணா.”