முதல் டம்ளர்

நகரத்துக்குக் குடிநீர் திறப்பதற்கு முன், நீர் ஆய்வாளரின் பிள்ளை முதல் டம்ளரைக் குடிக்க வேண்டும் என்பது சட்டம். வெள்ளம் வடிந்த அன்று எல்லாக் கருவிகளும் பச்சை காட்டின. ஆனால் ஆய்வாளர் பரிதியின் கை, மகள் நிறைமதியின் வாயருகே நின்றுவிட்டது. தண்ணீரில் ஏதோ ஒரு வாடை. மேலதிகாரியை அழைத்தான்.

"திறக்கல சார்."

"யோவ், மெஷின் சரிங்குது. ஊரே காத்திருக்கு!"

"எம்பொண்ணுக்குக் குடுக்க மனசு வரல சார்."

மறுமுனையில் மேலதிகாரியின் குரல் தணிந்தது.

"அப்ப யாருக்கும் வேணாம். மூடியே வையி. லாரி அனுப்புறேன்."

தெருவில் காலிக் குடங்களோடு கூட்டம் சேர்ந்துவிட்டது.

"எந்தப் புண்ணியவான் தண்ணிய நிறுத்துனது?" என்று ஒரு பெண் கத்தினாள்.

பரிதி தடுப்பதற்குள் நிறைமதி வாசலுக்கு ஓடி, கடைசி வீடுவரை கேட்கும்படி சொன்னாள்:

"எங்கப்பாதான்!"