பித்தப்பையில் ஏழு கற்கள்

அன்புள்ள அண்ணிக்கு,

என் பித்தப்பையில் ஏழு கற்கள் இருக்கின்றன. கல்யாணத்தன்று, எல்லா வீட்டிலும் செய்வதுபோல், பாலோடும் பழத்தோடும் உங்கள் தம்பியின் குடல் கிருமிகளை எனக்கு ஊட்டினீர்களே, அவைதாம் கற்களை வளர்க்கின்றனவாம். அவர் இறந்து நான்கு ஆண்டுகளாகியும் அவை எனக்குள் உயிரோடு இருக்கின்றன. மத்தியானம் கண் சொக்கும்போது அவருடைய பாகற்காய் ஆசை என் வயிற்றிலிருந்து மெல்ல நீந்தி எழும்.

“பத்து நாள் மாத்திரைதான், பரிமளா. கிருமி செத்துட்டா கல்லும் கரைஞ்சிடும்,” என்றார் டாக்டர்.

“கிருமி சாகாம கல்லை எடுக்க முடியாதா?”

“பித்தப்பையையே அறுத்து எடுக்கணும்மா. மாத்திரை இருக்கறப்ப யாராவது கத்தியைக் கேப்பாங்களா?”

“நான் கேக்கறேன், டாக்டர்.”

வியாழக்கிழமை ஆபரேஷன். பயப்படாமல் வாருங்கள், அண்ணி. உங்கள் தம்பிக்கு ஒன்றும் ஆகாது.